கண்ணாடி வழிந்தோடுவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் சென்ற வாரம் வெளியான வினா-விடைப் பகுதியில், கண்ணாடி உண்மையில் திடப்பொருளே அல்ல என்றும், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் திரவம் என்றும், ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களில் ஜன்னல் கண்ணாடிகளின் அடிப்பகுதி மேற்பகுதியைவிடத் தடித்திருப்பதே அதற்குச் சான்று என்றும் எழுதப்பட்டிருந்தது. இந்த மூன்று கூற்றுகளில் முதல் இரண்டும் தவறு. மூன்றாவது, உண்மையான ஒரு காட்சிக்குச் சொல்லப்பட்ட தவறான காரணம். பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றின் கண்ணாடி ஊதும் பட்டறையில் பணி ஓய்வு பெறும்வரை வேலை செய்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மாணவர்கள் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளும் பகுதி அது என்பதால், திருத்தம் ஒன்றை அதே இடத்தில் வெளியிட வேண்டுமென முதலிலேயே கேட்டுக்கொண்டு, அதற்கான காரணங்களைக் கூறுகிறேன்.

திடப்பொருள்களைப் படிகத் திண்மங்கள் என்றும் படிக வடிவமற்ற திண்மங்கள் என்றும் பிரிப்பது, அவற்றின் கடினத்தையோ உறுதியையோ வைத்து அன்று. உள்ளே அணுக்கள் அமைந்திருக்கும் ஒழுங்கை வைத்துத்தான். படிகத்தில் ஒரு சிறு அமைப்பு, புள்ளிக் கோலத்தைப் போல, எல்லாத் திசைகளிலும் மாறாத இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறது. ஓர் இடத்தில் அணு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், இலட்சம் அணுக்களுக்கு அப்பால் உள்ள அணு எங்கே இருக்கும் என்றும் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். படிக வடிவமற்ற திண்மத்தில் அந்த நெடுந்தொலைவு ஒழுங்கு இல்லை. ஆனால் ஒழுங்கே இல்லை என்று கருதிவிடக் கூடாது. பக்கத்து அணுக்களுக்கிடையே உள்ள பிணைப்பும் தொலைவும் படிகத்தில் இருப்பதைப் போலவே கிட்டத்தட்ட ஒழுங்காகத்தான் இருக்கின்றன. சில அணுக்கள் தள்ளிப் போகப் போகத்தான் அந்த ஒழுங்கு கலைகிறது.

மணலிலும் கண்ணாடியிலும் முதன்மையாக உள்ள சிலிக்கா இதற்கு மிகச் சரியான எடுத்துக்காட்டு, ஏனெனில் அது ஒரே வேதிப்பொருளாக இருந்துகொண்டு இரண்டு வடிவங்களிலும் கிடைக்கிறது. ஒரு சிலிக்கான் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள் என்ற அலகு குவார்ட்ஸ் படிகத்திலும் உண்டு, சிலிக்காக் கண்ணாடியிலும் உண்டு. அந்த அலகுகள் ஒன்றோடொன்று இணையும் கோணம் படிகத்தில் மாறாமல் இருக்கிறது. கண்ணாடியில் இடத்துக்கு இடம் கூடிக் குறைகிறது, அவ்வளவே. அந்த ஒன்றே வலைப்பின்னலைத் தளர்த்திவிடுவதால், கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம் எடையுள்ள குவார்ட்ஸ், கண்ணாடியாகும்போது 2.20 கிராமாகக் குறைந்துவிடுகிறது. 1932-இல் சக்கரியாசென் என்ற அறிஞர் கண்ணாடியின் அமைப்பை இவ்வாறு ஒழுங்கற்ற வலைப்பின்னலாக விளக்கினார். அவர் வரைந்து காட்டிய படம் இன்றும் சிறு மாற்றங்களோடு பல பாடநூல்களில் இடம்பெறுகிறது.

இந்த வேறுபாட்டைக் கண்ணால் காண வழிவகுத்தது எக்ஸ் கதிர். 1912-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் மாக்ஸ் ஃபான் லாவேயின் யோசனைப்படி மயில்துத்தப் படிகம் ஒன்றின் ஊடே எக்ஸ் கதிர்களைச் செலுத்தியபோது, ஒளிப்படத் தட்டில் தனித்தனிப் புள்ளிகள் பதிந்தன. அடுத்த ஆண்டே இங்கிலாந்து இயற்பியலாளர்களான பிராக் தந்தையும் மகனும் சாதாரண உப்பின் அணு அமைப்பை அந்த வழியில் கண்டறிந்தனர். அதே கதிர்களைக் கண்ணாடித் துண்டின் ஊடே செலுத்தினால் புள்ளிகள் வருவதில்லை. மங்கலான, அகன்ற வளையம் ஒன்றே வரும். ஒரு பொருள் படிகமா இல்லையா என்று ஐயம் எழுந்தால், அதன் தோற்றத்தையோ பளபளப்பையோ பார்த்து முடிவு கட்டாமல் இந்தச் சோதனையைத்தான் ஆய்வகங்களில் இன்றும் செய்கிறார்கள். கண்ணுக்குச் சற்றும் படிகமாகத் தோன்றாத இரும்புக் கம்பியும் கருங்கல்லும் நுண்ணிய படிகங்களின் திரளாக இருப்பதும், வைரம்போல் மின்னும் வெட்டுக்கண்ணாடிக் கோப்பை படிகமாக இல்லாதிருப்பதும் அதில்தான் தெரியவரும்.

ஒழுங்கு இருப்பதற்கும் இல்லாததற்கும் நடைமுறையில் வரும் முதல் விளைவு, உருகும் விதத்தில் தெரிகிறது. உப்புப் படிகத்தில் எல்லாப் பிணைப்புகளும் ஒத்த வலிமை உடையவை என்பதால் அவை ஒரே வெப்பநிலையில் அவிழ்கின்றன. 801 டிகிரி செல்சியசில் உப்பு உருகுகிறது, அதற்குச் சற்றுக் கீழே அது கல்லாகத்தான் இருக்கிறது. கண்ணாடியில் ஒரு பிணைப்பைப் போல் மற்றொன்று இல்லாததால் சில முன்னதாகவும் சில பின்னதாகவும் தளர்கின்றன. ஜன்னல்களுக்குப் பயன்படும் சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 550 டிகிரியில் இறுக்கம் விடத் தொடங்கி, 700-ஐத் தாண்டியதும் தன் எடையிலேயே வளைந்து, 1000 டிகிரியை நெருங்கும்போது தேன்போல் ஆகிறது. எங்கள் தொழிலே இந்த இடைவெளியை நம்பித்தான் நடந்தது. பர்னரின் சுடரில் குழாயைச் சுழற்றிக்கொண்டே இருந்து, அது இளகி உள்ளங்கையில் கனம் மாறுவதை உணர்ந்து, ஊதி, இழுத்து, ஒட்டி முடிக்கும்வரை அது தண்ணீராகவும் ஆகாமல் கல்லாகவும் இறுகாமல் இடைநிலையில் நிற்க வேண்டும். உப்பையோ பனிக்கட்டியையோ இப்படி ஊத முடியாது.

இரண்டாவது விளைவு திசையைச் சார்ந்தது. படிகத்தின் பண்புகள் பல, எந்தத் திசையில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். குவார்ட்ஸைச் சூடாக்கினால் அதன் முதன்மை அச்சின் திசையில் விரிவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு குறுக்குத் திசையில் விரிகிறது. அப்பிரகம் தகடு தகடாக உரிவதும் இதனாலேயே. வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணன், 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சிறு படிகங்களை மெல்லிய இழையில் காந்தப்புலத்தில் தொங்கவிட்டு, அவை எந்தத் திசைக்கு எவ்வளவு விசையோடு திரும்புகின்றன என்று அளந்து, அதிலிருந்து உள்ளே மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்து கிடக்கின்றன என்று கூறிய ஆய்வுகள் உலகப் புகழ் பெற்றவை. உலையில் மெல்லக் குளிரவிட்டு நன்கு ஆற்றிய கண்ணாடியில் இத்தகைய திசை வேறுபாடு கிடையாது. எப்பக்கம் அளந்தாலும் ஒரே மதிப்புதான். கைக்கடிகாரத்தில் நொடிக்கு 32,768 முறை அதிர்ந்து நேரம் காட்டும் சிறு துண்டு குவார்ட்ஸ் படிகமாகவே இருக்க வேண்டும். அதே சிலிக்காவைக் கண்ணாடியாக்கி வைத்தால் மின்னழுத்தம் தந்தாலும் அது அதிராது.

இனி, தேவாலய ஜன்னல்களுக்கு வருகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை ஐரோப்பாவில் ஜன்னல் கண்ணாடி செய்த முறைகளுள் ஒன்று, உருகிய கண்ணாடியை ஊதி, கோலின் முனையில் வைத்து வேகமாகச் சுழற்றி, அகன்ற வட்டத் தகடாக விரியச் செய்து, பின்பு அதிலிருந்து துண்டுகளை வெட்டியெடுப்பது. சுழன்ற தகடு நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கும். வெட்டிய துண்டும் அப்படியே ஒருபக்கம் தடித்திருக்கும். ஈயச் சட்டத்தில் பொருத்துபவர் தடித்த பக்கத்தைக் கீழே வைப்பது இயல்பு. அதே கட்டடங்களில் தடித்த பக்கம் மேலேயோ பக்கவாட்டிலோ இருக்கும் துண்டுகளும் காணப்படுகின்றன. கண்ணாடி வழிந்ததென்றால் அவை எப்படி வழிந்தன? உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுச் சமமான தகடாக்கும் முறையை இங்கிலாந்தில் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் அறிவித்த பிறகுதான், இன்று ஸ்ரீபெரும்புதூரில் நாள்தோறும் செய்யப்படுவதைப் போன்ற, எங்கும் ஒரே தடிமனுள்ள தகடுகள் மலிந்தன. அதற்கு முந்தைய கண்ணாடியில் ஏற்றத்தாழ்வு இருப்பது வியப்பன்று.

கணக்கும் இதையே சொல்கிறது. பிரேசில் நாட்டு அறிஞர் எட்கர் சனோட்டோ 1998-இல் இக்கேள்வியை எடுத்துக்கொண்டு, அறை வெப்பநிலையில் கண்ணாடி கண்ணுக்குத் தெரியும்படி வழிய, பிரபஞ்சத்தின் வயதையும் விஞ்சிய காலம் வேண்டும் என்று காட்டினார். இலண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயக் கண்ணாடியின் கலவையைப் பின்பற்றிச் செய்த கண்ணாடியை ஆராய்ந்து 2017-இல் வெளியான முடிவு, முந்தைய மதிப்பீடுகளைவிடப் பல மடங்கு தளர்ந்த கண்ணாடியாகவே அதை எடுத்துக்கொண்டது. அப்படியும், நூறு கோடி ஆண்டுகளில் அது வழியும் தொலைவு அதிகபட்சம் ஒரு நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்றே வந்தது. அந்தத் தேவாலயத்துக்கு ஆயிரம் வயதுகூட நிறையவில்லை. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கிடைத்த, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள கண்ணாடி மணிகளை அருங்காட்சியகத்தில் பார்த்தவர்கள், அவற்றின் மெல்லிய துளைகள் தூர்ந்துபோகாமல் நூல் கோக்கும் நிலையிலேயே இருப்பதைக் கவனித்திருப்பார்கள்.

திடப்பொருள்போல் தோன்றி மிக மெதுவாக ஓடும் பொருள் வேண்டுமென்றால் அதற்குக் கண்ணாடியைத் தேடிப் போக வேண்டியதில்லை, கீல் எனப்படும் தார் போன்ற கரிய பொருள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர் 1927-இல் புனல் ஒன்றில் கீலை ஊற்றி, மூன்று ஆண்டுகள் படியவிட்டு, 1930-இல் புனலின் அடியைத் திறந்துவிட்டார். சுத்தியலால் அடித்தால் சில்லு சில்லாக உடையும் அந்தக் கீலிலிருந்து 2014 வரை ஒன்பது துளிகள் விழுந்தன. அதன் பாகுத்தன்மை, அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் தன்மை, தண்ணீரைப்போல் ஏறத்தாழ 23 ஆயிரம் கோடி மடங்கு. இது உண்மையிலேயே திரவம். அறை வெப்பநிலையில் வெஸ்ட்மின்ஸ்டர் கண்ணாடியின் பாகுத்தன்மை அந்தக் கீலைப்போல் கோடி கோடி மடங்குக்கும் அதிகம். இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதில் என்ன பயன் என்று எனக்கு விளங்கவில்லை.

தங்கள் பகுதியை எழுதியவரை மட்டும் குறைகூற மனம் ஒப்பவில்லை. மத்தியக் கல்வித் திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் நூலில், திட நிலைமை பற்றிய பாடத்தில், பழைய கட்டடங்களின் ஜன்னல் கண்ணாடி கீழே தடித்திருப்பதற்கு அது மெல்ல வழிவதே காரணம் என்ற விளக்கம் நெடுங்காலம் அச்சில் இருந்தது. பாடச் சுமையைக் குறைத்தபோது 2022-இல் அந்தப் பாடமே நீக்கப்பட்டது. ஆனால் அதைப் படித்து வந்தவர்கள்தாம் இன்று கற்பிக்கிறார்கள், வழிகாட்டி நூல்கள் எழுதுகிறார்கள். படிகங்கள் உண்மைத் திண்மங்கள், மற்றவை போலித் திண்மங்கள் என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யவைக்கும் வழக்கம் அங்கிருந்து வந்ததே. ஒரு மதிப்பெண் வினாவுக்கு அந்த விடையை எழுதினால்தான் மதிப்பெண் கிடைக்கும் என்ற நிலையில், பிள்ளைகளைக் குறை சொல்லி ஆவதில்லை.

கண்ணாடியை அதிகுளிர்ந்த திரவம் என்று கூறுவதில் ஒரு பாதி உண்மை உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உருகிய கண்ணாடியைக் குளிரவிடும்போது, படிகமாக வேண்டிய வெப்பநிலையைத் தாண்டியும் அது திரவமாகவே தொடர்கிறது. அந்த இடைப்பட்ட நிலைக்கு அப்பெயர் பொருந்தும். மேலும் குளிர்ந்து, மேற்சொன்ன 550 டிகிரியை ஒட்டி, அணுக்கள் இடம் மாற முடியாமல் அப்படி அப்படியே சிக்கி நின்றுவிட்ட பிறகு பொருந்தாது. அந்த இறுக்கம் எவ்வாறு நிகழ்கிறது என்பது குறித்து இயற்பியலாளர்களிடையே விவாதம் இன்னும் ஓயவில்லை. இறுகிய பின் அது திடப்பொருள் என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

சமையலறையிலும் இதைக் காணலாம். சர்க்கரைக் கரைசலை நாள் கணக்கில் அசையாமல் வைத்து நூலில் படியவிட்டால் கற்கண்டு, அது படிகம். வெல்லப் பாகைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டினால் ஓசை எழும் பதம்வரை காய்ச்சி, வேகமாக ஆறவிட்டால், கடலை மிட்டாயில் பருப்புகளைப் பிடித்து நிறுத்தும் அந்தப் பழுப்புப் பளபளப்பு. அது கண்ணாடி நிலை. மழைக்காலத்தில் திறந்து வைத்த மிட்டாய் பிசுபிசுப்பதற்குக் காரணம், காற்றின் ஈரத்தை உறிஞ்சியதும் அது இளகும் வெப்பநிலை நம் அறையின் வெப்பநிலைக்கும் கீழே இறங்கிவிடுவதுதான். பாகில் சர்க்கரை மணி மணியாகத் திரண்டுவிடாமல் இருக்க எலுமிச்சைச் சாறு பிழிகிறார்களே, அந்தப் புளிப்பு சர்க்கரையின் ஒரு பகுதியைக் குளுக்கோசாகவும் ஃப்ரக்டோசாகவும் உடைத்து, ஒரே வகை மூலக்கூறுகள் வரிசை கட்டுவதைத் தடுக்கிறது.

ஒரு நிலையிலிருந்து மற்றதற்குத் தாவுவதும் நடக்கும். ஆய்வகங்களில் குவார்ட்ஸ் குழாய் என்று வழங்கும் தூய சிலிக்காக் கண்ணாடிக் குழாயை உயர்வெப்ப உலையில் வைக்கும் முன் ஆல்கஹாலால் துடைத்து, அதன்பின் வெறுங்கையால் தொடாதிருக்க வேண்டும் என்பது எங்களுக்குக் கட்டளை. யாரேனும் தொட்டுவிட்டால், வியர்வையில் உள்ள சோடியம் படிந்த இடங்களில் சிலிக்கா படிகமாகத் திரள, உலையிலிருந்து வெளியே எடுக்கும்போது குழாயின் மேல் விரல் பதிவுகள் சுண்ணாம்பு வெண்மையில் நிற்கும். குளிரும்போது அந்தப் படிகம் சட்டென்று சுருங்கிக் குழாயில் விரிசல் விழும். இதே மாற்றத்தைத் திட்டமிட்டு நடத்தினால் பயனும் உண்டு. அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் டொனால்டு ஸ்டூக்கி 1953-இல் 600 டிகிரியில் சூடாக்க நினைத்த கண்ணாடித் தகடு, உலையின் கோளாறால் 900 டிகிரிவரை சூடேறி வெண்மையாகிவிட்டது. இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தும் உடையவில்லை. அடுப்பில் வைக்கத்தக்க கண்ணாடிப் பீங்கான் பாத்திரங்கள் அந்த விபத்திலிருந்து பிறந்தவை.

உலோகங்களிலும் மருந்துகளிலும் இந்த வேறுபாட்டுக்குப் பொருளாதார மதிப்பே உண்டு. 1960-இல் கலிபோர்னியாவில் போல் துவே என்ற அறிஞரின் குழுவினர், உருகிய தங்க-சிலிக்கான் கலவையை நொடிக்குப் பத்து இலட்சம் டிகிரி என்ற அளவிலான வேகத்தில் குளிர்வித்து, படிகமாக நேரமே தராமல் உலோகக் கண்ணாடி செய்தனர். அவ்வகை இரும்புக் கலவை நாடாக்களை உள்ளகமாக வைத்த மின்மாற்றிகள், சுமை இல்லாதபோது வீணாகும் மின்சாரத்தைப் பெருமளவு குறைக்கின்றன. மருந்துகளில், படிகமாக இருக்கும்போது எளிதில் கரையாத சில சேர்மங்கள் படிக வடிவமற்ற நிலையில் விரைந்து கரைகின்றன. ஆனால் அலமாரியில் இருக்கும்போதே மீண்டும் படிகமாகிவிடாமல் காக்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக, கண்ணாடி திடப்பொருளே என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்றைக் கூறிவிடுகிறேன். திரவத்தால் தன்னுள் இழுவிசையையும் முறுக்கத்தையும் தேக்கி வைத்திருக்க முடியாது. எவ்வளவு கெட்டியான திரவமும் காலப்போக்கில் இளகித் தளர்ந்துவிடும். ஒட்டு வேலை முடிந்த போரோசிலிகேட் என்ற, வெப்பம் தாங்கும் ஆய்வகக் கண்ணாடிக் குழாயை ஏறத்தாழ 560 டிகிரி உள்ள அனீலிங் உலையில் வைத்து ஆற்றாமல் விட்டுவிட்டால், ஒட்டிய இடத்தில் இறுக்கம் அப்படியே தங்கிவிடும். ஒளியை ஒரே அதிர்வுத் திசையில் மட்டும் கடத்தும் இரண்டு போலராய்டு தகடுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து, அவற்றுக்கு நடுவே பிடித்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் ஒளிரும். ஆற்றப்படாத பழைய துண்டுகளைப் பட்டறையின் மூலைப் பெட்டியிலிருந்து ஆண்டுகள் கழித்து எடுத்துப் பார்த்தாலும் அந்த ஒளிர்வு மங்கியிருக்காது. மாணவர்கள் இதைப் பட்டறைக்கு வராமலேயே செய்து பார்க்கலாம். போலராய்டு வகைக் குளிர்கண்ணாடியை அணிந்துகொண்டு, வெயிலில் நிற்கும் காரின் பின்பக்கக் கண்ணாடியைச் சற்றுச் சாய்வாகப் பார்த்தால், வரிசை வரிசையாகக் கருமையும் வெளிறலுமான புள்ளிகள் தெரியும். தொழிற்சாலையில் அந்தக் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, வரிசையான துளைகள் வழியே காற்றை வீசிச் சட்டென்று குளிர்வித்தபோது உள்ளே உறைந்துபோன இறுக்கத்தின் தடங்கள் அவை. கண்ணாடி திரவமாக இருந்தால் அந்தத் தடங்கள் வெயிலிலும் மழையிலும் சில ஆண்டுகளில் கரைந்து போயிருக்க வேண்டும். இருபது ஆண்டு ஓடிய வண்டியிலும் அவை புதிய வண்டியில் இருப்பதைப் போலவே தெளிவாக இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகக் கண்ணாடித் தொழில்நுட்பர்,
திருச்சிராப்பள்ளி.